பேரனுக்காக 54 முகங்கள்: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எட்டு காப்பி. எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பேரனுக்கு ஆட்டிசம். அவனுக்கு யுடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை எடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அட்டைக்குப் போட்டோ வேண்டும். ஏழு வயதுப் பையனை ஸ்டூலில் உட்கார வைத்து நேராகப் பார்க்கச் சொல்வது என்ன பெரிய வேலை என்று நினைப்பவர்கள், அந்த மாதம் எங்களோடு கடலூரில் கடை கடையாக ஏறி இறங்கியிருக்க வேண்டும். முதல் கடையில் ஃபிளாஷ் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். இரண்டாவது கடையில் "இங்க பாரு, இங்க பாரு" என்று கைதட்டிக் கூப்பிட்டே அழ வைத்துவிட்டார்கள்.

மூன்றாவதாகப் போனது பாடலீஸ்வரர் கோவில் சன்னதியிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோ. பெயரைப் போட வேண்டாம் என்று அதை நடத்தும் தம்பி கேட்டுக்கொண்டார். ஒரே ஆள். கூட்டம் வந்தால் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு நேரம் கொடுக்க முடியாது என்கிறார். அது நியாயம் என்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றி எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. எங்கள் மாதிரி வீடுகள் இந்த ஊரிலும் பாண்டியிலும் நிறைய இருக்கின்றன. உங்கள் தெருவில் இருக்கும் ஸ்டுடியோக்காரரிடமே இதைக் கேட்டு வாங்கலாம்.

அவர் முதலில் செய்தது, ஃபிளாஷை அணைத்துவிட்டு வாசல் பக்க ஜன்னலைத் திறந்ததுதான். அப்புறம் விளக்கில் மாட்டியிருக்கும் அந்த வெள்ளைக் குடையை இறக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார். அவன் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தான். இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம். "பாரு" என்ற சொல்லே அவர் வாயிலிருந்து வரவில்லை. கேமராவுக்கு நேர் மேலே ஒரு சின்ன மேசை ஃபேனை வைத்து மெதுவாக ஓட விட்டார். பேரன் குடையைக் கீழே வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்தான். மூன்று படம். அதில் ஒன்று, அவன் இதுவரை எடுத்துக்கொண்ட படங்களிலேயே நேராகப் பார்க்கும் ஒரே படம்.

எட்டு காப்பிக்கு 80 ரூபாய் வாங்கினார். நான் அங்கேயே உட்கார்ந்து வேறொன்று கேட்டேன். அதைச் சொல்வதற்கு முன்னால் சித்தப்பாவின் தொப்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் மருமகனின் தம்பி புதுச்சேரி போலீஸில் இருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன அந்தச் சிவப்புத் தொப்பியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், கெப்பி என்பார்கள். பேரனுக்குச் சித்தப்பா என்றால் உயிர். சீருடையில் வந்தால் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொள்வான். அதே சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை லுங்கியும் பனியனுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், ஏதோ நாற்காலியைத் தாண்டிப் போவதுபோலத் தாண்டிப் போவான். அவர் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். பையனுக்குக் கோபமோ என்று கேட்பார். போன வருஷம் பாண்டி கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் கூட்டத்தில் என் கையை உதறிவிட்டு ஓடினான். ஒரு சிவப்புத் தொப்பிக்காரரின் காலைக் கட்டிக்கொண்டு "சித்தப்பா" என்றான். அவர் சிரித்துக்கொண்டே தலையைத் தடவினார். அவரை விட்டுவிட்டு இன்னும் பத்தடி தள்ளி நின்ற அடுத்த தொப்பிக்கு ஓடினான். அங்கேயும் "சித்தப்பா". அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இடத்தில் போலீஸ்காரருக்குப் பதில் வேறு யாராவது சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தால்?

எனக்கும் அது நடந்திருக்கிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, வழக்கமான கண்ணாடி இல்லாமல் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பையன் தூணுக்குப் பின்னால் நின்றான். கூப்பிட்டும் வரவில்லை. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் என் இடது கையைப் பிடித்துத் திருப்பினான். நான் வாட்சை டயல் உள்பக்கம் இருக்கும்படி கட்டுவேன். நாடி பார்க்கும்போது வசதியாக இருக்கும் என்று நர்சிங் படிக்கும்போது பழகியது, ரிட்டயர் ஆன பின்னும் விடவில்லை. டயலைப் பார்த்தான். "ஆயா" என்றான், பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவான். மடியில் உட்கார்ந்துகொண்டான்.

31 வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தேன், பாதிக்கு மேல் பிரசவ வார்டில். பிறந்த குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி அம்மா பக்கத்தில் வைத்ததும், அந்த மங்கலான கண்கள் முகத்தைத் தேடும். இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். 1975இல் ஒரு ஆராய்ச்சியில், பிறந்து ஏறத்தாழ 9 நிமிடமே ஆன குழந்தைகள் முன்னால் ஒரு அட்டையை மெதுவாக நகர்த்திப் பார்த்தார்கள். கண், மூக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் படத்தை, அதே கண்ணும் மூக்கும் கலைந்து கிடக்கும் படத்தைவிட அதிக தூரம் திரும்பிப் பார்த்தன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் வருகிற வித்தை அது. அந்த வித்தையின் மேல்தான், தினம் தினம் முகங்களைப் பார்த்துப் பார்த்து, மூளை தன் முகம் அறியும் பாதையைக் கட்டிக்கொள்கிறது.

பேரனும் அப்படித்தான் பார்த்தான். அவனைக் கையில் வாங்கியவள் நான், எனக்குத் தெரியும். பின்னால் எப்போது அது நழுவியது என்று நானும் மகளும் பழைய மொபைல் வீடியோக்களை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறோம். மகள் வேலைக்குப் போனதால் வந்தது என்று சொந்தத்தில் ஒருவர் சொன்னார். அப்படிச் சொல்பவர்களுக்காக ஒன்றை இங்கேயே எழுதிவிடுகிறேன். 2013இல் அமெரிக்காவில் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் என்ற இரண்டு பேர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாவது மாதத்திலிருந்து பல தடவை குழந்தைகள் எங்கே பார்க்கின்றன என்று கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த குழந்தைகளும் இரண்டாவது மாதத்தில் கண்களைப் பார்க்கத்தான் செய்தன. இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் அந்தப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஆறு மாதத்துக்குள்! என் மகள் அப்போது பிரசவ விடுப்பில் குழந்தையை இடுப்பை விட்டு இறக்காமல் இருந்தாள். அவளைக் குற்றம் சொன்னவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

சரி, ஸ்டுடியோவுக்கு வருகிறேன். அதற்கு முன் இரண்டு வழி பார்த்துப் பணமும் போனது, பையனின் நிம்மதியும் போனது.

முதலாவது, ஆன்லைனில் வாங்கிய உணர்ச்சி கார்டுகள். சந்தோஷம், கோபம், அழுகை, பயம் என்று வரைந்த முகங்கள். விலை 700 ரூபாய்க்கு மேல். அச்சு நன்றாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் பையன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான், நாங்கள் பூரித்துப்போனோம். அப்புறம் மகள்தான் கண்டுபிடித்தாள். கோபத்துக்குப் பின்னணி சிவப்பு, சந்தோஷத்துக்கு மஞ்சள், அழுகைக்கு நீலம் என்று அடித்திருக்கிறார்கள். முகத்தைக் கையால் மூடிவிட்டுக் காட்டினாலும் சரியாகச் சொல்கிறான். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கார்டு செய்தவர்கள் அழகுக்காகப் போட்ட வண்ணம், எந்தப் பாடத்துக்காகக் கார்டு செய்தார்களோ அதையே மறைத்துவிட்டது.

இரண்டாவது, பாண்டியில் ஒரு பயிற்சி மையம். பெயர் வேண்டாம். அங்கே தாடையைப் பிடித்து நிமிர்த்தி, "கண்ணப் பாரு" என்று பத்து எண்ணுவார்கள். பத்து எண்ணும்வரை பார்த்தால் ஒரு பிஸ்கட். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பையன் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்தது. கையைப் பிடித்தேன், நாடி ஓடுகிறது. வலிக்கு ஊசி போடும்போது குழந்தைகளுக்கு இருக்கிற துடிப்பு அது. வீட்டில் நானும் தாடையைப் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது.

ஏன் அப்படித் துடிக்கிறது என்பதற்கு விடை பின்னால் கிடைத்தது. மகள் படித்துச் சொன்னாள். மூளைக்குள் ஆழத்தில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு, ஆபத்து வருகிறதா என்று கவனிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. 2017இல் நௌஷின் ஹஜிகானி குழுவினர், ஆட்டிசம் உள்ளவர்களைப் படத்தில் இருக்கும் முகத்தின் கண்பகுதியை மட்டும் பார்க்க வைத்து ஸ்கேன் செய்தார்கள். அமிக்டலாவும் அதோடு சேர்ந்த உட்பகுதிகளும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தன. அதாவது, அவர்கள் கண்ணைப் பார்க்காமல் இருப்பது அக்கறை இல்லாததால் என்று சொல்ல முடியாது. கண் அவர்களுக்குக் கூசும் வெளிச்சம் மாதிரி அதிகமாக வந்து அடிக்கிறது. வெயிலில் முகத்தைத் திருப்பிக்கொள்பவனை யாராவது தாடையைப் பிடித்துச் சூரியனுக்கு நேரே திருப்புவார்களா? அந்த மையத்தை விட்டு நின்றோம். பேச்சுப் பயிற்சியை வேறு இடத்தில் தொடர்கிறோம்.

இந்தப் பின்னணியில்தான் அந்தத் தம்பியிடம் கேட்டேன். "எங்க வீட்டு ஆளுங்க முகத்தை மட்டும் பெரிசா எடுத்துக் கொடுக்க முடியுமா தம்பி? ஒரே ஆளை பல மாதிரி."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. எதற்கு என்று கேட்டார். தொப்பிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவர் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. இறந்தவர் படத்தைப் பெரிது பண்ணித் தரச் சொல்லி அவரிடம் பலர் வருவார்களாம். கல்யாண குரூப் போட்டோவில் மூலையில் நிற்கும் முகத்தை வெட்டி எடுத்து, தெளிவாக்கி, மாலை போட்டுத் தர வேண்டும். "தோலை வழவழனு ஆக்கி, தாடையில ஒரு தழும்பை எடுத்துட்டா போதும்மா. நமக்கு அழகா தெரியும். பையன் வந்து பார்த்துட்டு, இது எங்கப்பா இல்லையேம்பான். முகத்துல எது அந்த ஆளுன்னு வீட்டு ஆளுங்களுக்குத்தான் தெரியும்."

இதைக் கேட்டதும் எனக்கு இன்னொரு ஆராய்ச்சி ஞாபகம் வந்தது. அதை அவரிடமும் சொன்னேன். 2011இல் பிரிட்டனில், இரண்டே இரண்டு பேரின் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த முகங்களை முன்பின் பார்க்காதவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பதாக நினைத்து ஏழெட்டுக் குவியலாகப் பிரித்தார்கள். தெரிந்தவர்கள் பெரும்பாலும் தப்பில்லாமல் இரண்டாகப் பிரித்தார்கள். ஆட்டிசம் இல்லாத, நன்றாகப் படித்த பெரியவர்களுக்கே இந்தக் கதி. ஒரு முகத்தைத் 'தெரியும்' என்றால், வெளிச்சம் மாறி, தலைமுடி மாறி, சிரிப்பு மாறி அந்த முகம் எப்படியெல்லாம் தோன்றும் என்பது நமக்குள் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பேரனுக்கும் ஒரு ஆளுக்கு ஒரு படம் போதாது.

9 பேர், ஆளுக்கு 6 படம், மொத்தம் 54. அம்மா, அப்பா, நான், சித்தப்பா, சித்தி, அரியாங்குப்பத்து ஆயா, பக்கத்து வீட்டுப் பெண், வகுப்பு டீச்சர், மளிகைக் கடை அண்ணன். டீச்சரிடமும் கடைக்காரரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டோம். எல்லாருமே மனமுவந்து வந்தார்கள். தம்பி ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார், இன்னொரு நாள் அரியாங்குப்பம் போய் வந்தார். சித்தப்பாவைத் தொப்பியோடு ஒன்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று, பனியனோடு, ஹெல்மெட்டைக் கழற்றும்போது, குளித்த தலையோடு, பக்கவாட்டில் ஒன்று. பின்னணியில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறத் துணி. வண்ண அட்டைக் கதையைச் சொன்னதும் அது வேண்டும் என்று அவராகவே முடிவு செய்தார். சட்டையும் அதிகம் தெரியாமல் கழுத்தோடு நிறுத்தினார்.

முதல் அச்சில் இரண்டு தப்பு. ஒன்று, கல்யாண ஆல்பப் பழக்கத்தில் எல்லோர் முகத்தையும் வழவழப்பாக்கிவிட்டார். என் இடது கன்னத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒரு மரு உண்டு. அதைக் காணோம். பேரன் கார்டைப் பார்த்தான், என் கன்னத்தைத் தொட்டான், மறுபடி கார்டைத் தொட்டான், கீழே வைத்துவிட்டான். தழும்புக் கதையைச் சொன்னவரே மறந்துவிட்டார். காட்டியதும் மன்னிப்புக் கேட்டு, எதையும் தொடாமல் திரும்ப அச்சடித்துக் கொடுத்தார், அதற்குப் பணம் வாங்கவில்லை. இரண்டாவது, பளபளப்பான லேமினேஷன். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தால் முகத்துக்குப் பதில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. பையன் கார்டைச் சாய்த்துச் சாய்த்து அந்தக் கோட்டோடுதான் விளையாடினான். மேட் லேமினேஷனுக்கு மாற்றினோம். நீங்கள் செய்தால் முதலிலேயே மேட் கேளுங்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 20 ரூபாய், லேமினேஷன் 10 ரூபாய். 54க்கும் சேர்த்து 1,620. வீட்டுக்கு வந்து எடுத்ததற்கு 500 என்றார். கடைசியில் 2,000 போதும் என்று சொல்லிவிட்டார். ஐந்து நாளில் தருவதாகச் சொன்னது பன்னிரண்டு நாள் ஆனது. நடுவில் மூன்று முகூர்த்தம். அந்தத் தாமதத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பள்ளி லீவில் ஒரு வாரம் வீணானது.

கார்டுகளை வைத்து நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம், இரண்டு ஆளின் 12 படத்தைக் கலந்து தரையில் பரப்புவோம். பிரித்து வைக்க வேண்டும். முதல் நாள் சித்தப்பாவையும் அப்பாவையும் கொடுத்தோம். தொப்பிப் படம் இரண்டும் ஒரு குவியல். ஈரத்தலை தனிக் குவியல். ஹெல்மெட், பனியன், பக்கவாட்டு முகம் மூன்றும் அப்பாவோடு சேர்ந்துவிட்டன. ஒரே சித்தப்பா மூன்று இடத்தில் கிடந்தார். நான் திருத்தவில்லை. ஒவ்வொரு படத்தையும் எடுத்து, சித்தப்பா, சித்தப்பா, சித்தப்பா என்று சொல்லிக்கொண்டே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். கண்ணைப் பார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

அவன் எதைப் பார்க்கிறான் என்று கவனித்தேன். வாயையும் தாடையையும்தான். விரலால் மீசை ஓரத்தைத் தடவுவான். இதுவும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் முன்பே பார்த்த விஷயம்தான். 1978இல் லண்டனில் லாங்டெல் என்பவர், கூடப் படிக்கும் பிள்ளைகளின் படங்களில் பாதியை மறைத்துக் காட்டினார். ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகள் முகத்தின் கீழ்ப்பாதியை வைத்து அடையாளம் சொல்வதில் மற்றப் பிள்ளைகளைவிடத் தேர்ந்திருந்தார்கள். எனவே மீசை வழியாக வருகிறானா, வரட்டும். வாசல் எதுவானால் என்ன, வீட்டுக்குள் வந்தால் சரி.

மூளைக்குள் அந்த வீடு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்த விஷயம். காதுக்கு உட்பக்கம், மூளையின் அடிப்புறத்தில், ஃபியூசிஃபார்ம் என்று நீள வாக்கில் ஒரு மடிப்பு. நர்சிங் பாடத்தில் அதன் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தேன், வேலை என்ன என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. 1997இல் நான்சி கான்விஷர் குழுவினர் அங்கே ஒரு பகுதி மற்றப் பொருட்களைவிட முகத்துக்கே அதிகமாக வேலை செய்வதை ஸ்கேனில் காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலதுபக்கம் அது வலுவாக இருக்கும். இந்தப் பகுதி பிறக்கும்போதே முழுசாக வளர்ந்து நிற்பதில்லை. பள்ளி வயதெல்லாம் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது, முகங்களை நினைவு வைக்கும் திறமையும் கூடவே வளர்கிறது. ஏழு வயதில் கதவு மூடிவிடவில்லை என்பதை என் மகளுக்கு நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஆட்டிசம் உள்ளவர்கள் முகத்தைப் பார்க்கும்போது இந்தப் பகுதி குறைவாக வேலை செய்கிறது என்று 2000இல் ஒரு ஆய்வு வந்தது. பக்கத்தில், பொருட்களைப் பார்க்கும்போது வேலை செய்கிற பகுதி முகத்துக்கும் வேலை செய்ததாம். அதோடு நிறுத்தியிருந்தால் மனம் உடைந்திருக்கும். 2004இல் மேலே சொன்ன ஹஜிகானியே, ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கு முகப் படத்தின் நடுவில் ஒரு சின்னக் குறி வைத்து அதைப் பார்க்கச் சொன்னார். அப்போது அந்தப் பகுதி வேலை செய்தது. 2008இல் கேரன் பியர்ஸ், எலிசபெத் ரெட்கே இருவரும் குழந்தைகளிடம் பார்த்தது எனக்கு அதைவிட முக்கியம். அம்மாவின் முகமும் மற்றக் குழந்தைகளின் முகமும் வந்தபோது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் அந்தப் பகுதி நன்றாகவே வேலை செய்தது. முன்பின் தெரியாத பெரியவர்கள் வந்தபோதுதான் குறைந்தது. இதைப் படித்துவிட்டுத்தான், யாரோ வரைந்த கார்டு வேண்டாம், நம் வீட்டு முகங்களே வேண்டும் என்று தீர்மானித்தேன்.

எல்லா ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் முகம் அறிவதில் கஷ்டம் உண்டு என்று நினைக்க வேண்டாம். பேரனின் வகுப்பிலேயே ஒரு பெண் குழந்தை, ஒரு தடவை பார்த்தவரையும் மறக்காது. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். போட்டோவில் பழகியது நேரில் அப்படியே வந்துவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. கார்டில் சரியாகச் சொல்லிவிட்டுத் தெருவில் தடுமாறுவது இவனிடமே பார்க்கிறேன். முகம் அசைகிறது, பேசுகிறது, அதை எந்தப் போட்டோவும் தராது. சிகிச்சைக்குப் பதில் இதை வைத்துக்கொள்ள நான் யாரையும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வாரம் ஈரத்தலை போய்ப் பனியனோடு சேர்ந்தது. நாலாவது வாரம் பக்கவாட்டு முகம் அப்பாவை விட்டு வந்தது. தொப்பிக் குவியல் மட்டும் அசையவே இல்லை. ஐந்தாவது வாரம் ஒரு நாள், தொப்பியைக் கையில் வைத்திருக்கும் படத்தை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். கட்டை விரலால் தொப்பியை மறைத்தான். எடுத்தான். மறைத்தான். அப்புறம் இரண்டு குவியலையும் அவனே சேர்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு நல்ல மழை. சித்தப்பா ரெயின்கோட்டோடு வாசலில் நின்று தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீருடை இல்லை, தொப்பி இல்லை. பேரன் கூடத்திலிருந்து வந்தான். வாயைப் பார்த்தான். மீசையைப் பார்த்தான். "சித்தப்பா. தொப்பி இல்ல" என்றான். ஈரத்தோடு அவனைத் தூக்கிக்கொண்ட அந்த மனிதர் அழுதுவிட்டார். பையன் ஈரம் பிடிக்காமல் இறங்கி ஓடினான்.

இரண்டு வாரம் கழித்து கார்டுகளைக் காட்டப் போனபோது அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு முழுவதும் கேட்டார். பேரன் உரிமையோடு வெள்ளைக் குடையை எடுத்துக்கொண்டான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இந்த மாதிரிக் கடைகள் பெரும்பாலும் மாடியில் இருக்கும். இதுவும் அப்படித்தான், படி செங்குத்து, வீல்சேர் ஏறாது. கழிப்பறை இல்லை. கோவில் பக்கம் என்பதால் திருவிழா நாட்களில் மேளமும் வெடியும் இருக்கும், சத்தம் தாங்காத பிள்ளைகளை அன்றைக்குக் கூட்டிப்போகாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஆள் வராது, அந்த நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது: ஃபிளாஷ் வேண்டாம், தோலைத் திருத்த வேண்டாம், ஒரே நிறப் பின்னணி, மேட் லேமினேஷன், ஒரு ஆளுக்குக் குறைந்தது ஆறு.

அடுத்ததாக வேன் டிரைவரையும், வேனில் வருகிற அக்காவையும் எடுக்கப் போகிறோம். டிரைவர் வெள்ளிக்கிழமை சம்மதம் சொல்லிவிட்டார். ஷேவ் செய்யாமல் ஒன்று, செய்து ஒன்று என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.